எஞ்சின் உங்களுக்கு, மற்றதெல்லாம் எனக்கு

ஜனவரி 12

அன்புள்ள பல்லரசிக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பதாக உன் பட்டறைப் பக்கம் போய்வந்த எங்கள் கிளப் தலைவர் சொன்னார். "கையில யாரோட கீழ்த்தாடையோ வெச்சுக்கிட்டு பாட்டுப் பாடிட்டிருந்தாங்க சார்" என்றார். செயற்கைப் பல் கட்டுகிறவள் பாடக்கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. பிரிந்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில் பாட்டு சற்று அதிகம் என்று எனக்குப் பட்டது, அவ்வளவுதான்.

நேற்று என் பெரியமாமா வீட்டில் பேசி முடித்ததை எழுத்தில் வைத்துக்கொள்வது நல்லது. அருங்காட்சியகத்தில் வேலை பார்ப்பவனுக்கு, சீட்டு ஒட்டாத எந்தப் பொருளும் பொருளே அல்ல. நாம் பிரிந்து வாழ்வது என்று நீ முடிவு செய்தாய். நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொள்ளாத நிலையிலேயே மாடி அறை ஒன்றை வாடகைக்கு எடுத்துக் குடிவந்துவிட்டேன். கட்டில், பாத்திரம், புத்தகம் எல்லாம் சண்டையில்லாமல் பிரிந்தன. சிவப்பி மட்டும் பிரிய மறுத்தது. இரண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய, நம் இருவரையும்விட வயது முதிர்ந்த ஒரு குட்டி ஸ்போர்ட்ஸ் காரை எப்படித்தான் பிரிப்பது?

மாமா பிரித்துவிட்டார். எஞ்சின் எனக்கு, மற்றதெல்லாம் உனக்கு. கியர்பாக்ஸ் யார் பக்கம் என்பதில் இழுபறி ஆனது. கியர் தண்டு இருக்கைகளுக்கு நடுவே நீட்டிக்கொண்டிருப்பதால் அது உடம்பைச் சேர்ந்தது என்று சொல்லிவிட்டார். இந்த வருடம் முடிவதற்குள் யார் தன் பாதியை அதன் சொந்த பலத்தில் அவர் வீட்டு வாசல்வரை ஓட்டிவந்து, திரும்பியும் போகிறாரோ, அவருக்கே மற்றவர் பாதியும் சேரும்.

இதைச் சொல்லும்போது மாமா மீசைக்குள் சிரித்தார். எஞ்சின் இல்லாமல் வண்டி நகராது, வண்டி இல்லாமல் எஞ்சின் நகராது, ஆகவே சீக்கிரம் ஒன்றுசேருங்கள் என்பது அதன் பொருள். உனக்கும் புரிந்திருக்கும்.

ஒரே ஒரு வேண்டுகோள். ஆத்திரத்தில் வேறு எஞ்சின் எதையும் அதற்குள் வைத்துவிடாதே. ஒரு கார் எந்த எஞ்சினோடு பிறந்ததோ அதோடுதான் ஓட வேண்டும். இது கிளப் விதி. அதற்கு மேலும் ஏதோ ஒன்று.

இன்னும் உன் கணவன்,
(செயலாளர், பழங்கார் கிளப்)


ஜனவரி 20

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,

வேண்டுகோள் கிடைத்தது. மிக்க நன்றி. அதைப் படிக்கும்வரை எனக்கு அந்த யோசனையே வரவில்லை.

நீங்கள் பதிவுகளை விரும்புகிறவர் என்பதால், விட்டுப்போன ஒன்றை நானும் பதிந்துவைக்கிறேன். நான் ஏன் பிரிந்தேன் என்று மாமா கேட்டதற்கு "ஒரு சின்ன விஷயம் மாமா, பெருசா எடுத்துக்கிட்டா" என்றீர்கள். அந்தச் சின்ன விஷயம் கட்டைவிரல் அளவு இருக்கும். ரோட்டார் என்று பெயர். எஞ்சினின் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் உட்கார்ந்திருக்கும். அது இல்லாவிட்டால் வண்டி கிளம்பாது. தினமும் வேலைக்குப் போகும்போது அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவீர்கள். கேட்டால் திருட்டு பயம் என்பீர்கள். பூட்டிய கொட்டகை, பூட்டிய வாசல், உள்ளே நான் ஒருத்தி. திருடன் யார் என்று நான் கண்டுபிடிக்கப் பதினோரு வருடம் ஆனது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

பட்டறை வேனை நான்தான் தினமும் ஓட்டுகிறேன். ஊரில் பாதிப் பேரின் பல் அதில்தான் போய்ச் சேருகிறது. இதுவரை ஒன்றும் உடையவில்லை. ஆனால் கிளப் விருந்தில் நீங்கள், "அவளுக்குக் கால் கனம், சிவப்பி தாங்காது" என்றபோது எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தவளான நானும் சிரித்தேன். அதுதான் எனக்கு இன்னும் பொறுக்கவில்லை.

எனவே ஓட்டுவேன். மாமா வாசலுக்கே வருவேன். எஞ்சினை நன்றாகத் துடைத்து வையுங்கள்.

இப்படிக்கு,
மற்றதெல்லாம் வைத்திருப்பவள்


ஏப்ரல் 3

மதிப்பிற்குரிய செயலாளருக்கு,

மாமா சொல்லி நீங்கள் கேள்விப்படுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

எனக்குக் கம்பிகளும் கிளிப்புகளும் செய்துதரும் லேத்காரரைத் தெரியுமல்லவா, எதைக் கேட்டாலும் முதலில் "ஆகாது" என்று சொல்லிவிட்டு வேலையை ஆரம்பிப்பாரே, அவரிடம் போனேன். அவர் பட்டறை மூலையில் விபத்தில் நசுங்கிய ஒரு பெரிய பைக் கிடந்தது. நாலு சிலிண்டர். அதன் எஞ்சினைக் காட்டி, "இதை அந்தக் காருக்குள்ள வைக்கலாமா?" என்றேன்.

"ஆகாது. கொண்டாங்க வண்டிய."

வைத்தோம். பைக்கின் எஞ்சினிலேயே அதன் கியரும் இருப்பதால், உங்களிடமிருந்து வாதாடி வாங்கிய கியர்பாக்ஸைக் கழற்றி அலமாரியில் வைக்கவேண்டியதாயிற்று. எஞ்சின் இருந்த இடத்தில் பாதிகூட நிறையவில்லை. ஆனால் சத்தம்! நீங்கள் அதைக் கேட்டிருக்க வேண்டும். அல்லது கேட்காமல் இருந்தது நல்லது. தெரு நாய்கள் எல்லாம் எழுந்து வழிவிட்டன. நம் பழைய வேகத்தில் போய்க்கொண்டிருப்பதாக நினைத்து முள்ளைப் பார்த்தேன். பார்த்த பிறகு பார்க்காததுபோல் இருந்துவிட்டேன்.

மாமாவின் சந்துக்குள் நுழைந்து வாசலில் நிறுத்தினேன். மாமா பத்திரிகையோடு வெளியே வந்தார்.

"மாமா, வந்துட்டேன்!"

"வந்துட்டே, சரி. திரும்பு பாக்கலாம்."

"சந்து குறுகலா இருக்கே மாமா."

"அப்போ பின்னாடி எடு."

"பைக் எஞ்சின் மாமா. அதுக்குப் பின்னாடி போகத் தெரியாது."

"உன்ன மாதிரின்னு சொல்லு."

இறங்கித் தள்ளினேன். கால் கனம் என்பது தள்ளுவதற்கு உதவியாகத்தான் இருந்தது. ஆனால் தள்ளுவது ஓட்டுவதில் சேராதாம். முதல் முயற்சி தோற்றது என்று தீர்ப்பு.

நான் தோற்றது பின்பக்கமாக மட்டும்தான் என்பதைக் குறித்துக்கொள்ளவும்.

மற்றதெல்லாம் வைத்திருப்பவள்


ஏப்ரல் 10

அன்புள்ள பல்லரசிக்கு,

கடிதத்தைக் கிளப் கூட்டத்தில் வாசித்தேன். "பைக் எஞ்சின்" என்ற இடத்தில் பொருளாளர் தண்ணீர் கேட்டார். தலைவர் இதய மருத்துவர் என்பதால் அவர் பிழைத்தார். கண்டனத் தீர்மானம் ஒன்று ஒருமனதாக நிறைவேறியது. நகல் இத்துடன் இருக்கிறது.

நான் நலம். அறை சிறியது. கதவைத் திறந்தால் முதலில் எஞ்சின், அதற்குப் பின்னால் கட்டில். வீட்டுக்காரருக்கு அதன்மேல் ஒரு கண். நேற்று வந்து நின்றுகொண்டு, "சார், இது ஓடுமா?" என்றார்.

"இப்போ ஓடாது."

"அப்புறம் எதுக்கு தினம் தொடைக்கிறீங்க?"

"காப்பாத்துறேன்."

"யார்கிட்டேர்ந்து?"

படிக்காதவர்களிடம் பாதுகாப்பு என்பதன் பொருளை விளக்குவது எவ்வளவு கடினம் என்பதற்காக இதைச் சொன்னேன், வேறெதற்கும் இல்லை.

இனியாவது பிடிவாதத்தை விடு. தள்ளியபோது இடுப்பு வலித்ததா?

உன் கணவன்


ஜூலை 8

மதிப்பிற்குரிய செயலாளருக்கு,

இடுப்பு நலம். கண்டனத் தீர்மானத்தைப் பட்டறையில் ஒட்டிவைத்திருக்கிறேன். பல் அளவு கொடுக்க வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு வாயை நன்றாகத் திறக்கிறார்கள்.

இரண்டாவது எஞ்சின் டீசல். கட்டட வேலை நடக்குமிடத்தில் பள்ளத்துத் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தது. லேத்காரர் ஆகாது என்று இரண்டு தடவை சொன்னார். ஒரு தடவை கூடுதலாகச் சொன்னதைக் கவனித்திருக்க வேண்டும்.

இந்தத் தடவை ரிவர்ஸ் வேண்டும் என்பதால் சிவப்பியின் பழைய கியர்பாக்ஸையே திரும்ப வைத்தேன். டீசலும் கியர்பாக்ஸும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. நடுவில் இரண்டுக்கும் ஏற்ற துளைகளோடு ஒரு தட்டு செய்ய வேண்டும். எனக்கு இது பெரிய விஷயமாகவே தோன்றவில்லை. ஒருவருடைய தாடையில் அவருக்குப் பிறவியில் இல்லாத பல்லைப் பொருத்துவதுதானே என் பிழைப்பு? கியர்பாக்ஸின் முகத்தில் அளவு எடுத்து, பல் வார்க்கும் பாரிஸ் சாந்தை ஊற்றி, அச்சு வார்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அழகான அச்சு. லேத்காரர் முதல்முறையாக எதுவும் சொல்லாமல் வாங்கிக்கொண்டார்.

பாரிஸ் சாந்து உறையும்போது ஒரு நூலிழை விரியும். எனக்குத் தெரியாததில்லை. உலோகப் பல் ஆறும்போது சுருங்கும், அச்சு விரியும், இரண்டும் சரியாகிவிடும். அதை வைத்துத்தான் இத்தனை வருடம் சோறு சாப்பிடுகிறேன். ஆனால் பல் அளவில் நூலிழையாக இருப்பது சாப்பாட்டுத் தட்டு அளவில் நூலிழையாக இருப்பதில்லை. துளைகள் எல்லாம் மயிரிழை தள்ளிப்போயின. இறுக்கிப் பூட்டிவிட்டோம். கிளப்பினேன். டீசலே ஆடும்; இது தண்டு கோணியும் ஆடியது. கண்ணாடி விழுந்தது. பிறகு கதவுக் கைப்பிடி. தெருமுனைக்குப் போவதற்குள் கிளட்ச் தூளாகிவிட்டது. என் சொந்தப் பல் எல்லாம் இருக்கிறதா என்று நாக்கால் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

பக்கத்துத் தையற்கடை அக்கா ஓடிவந்து, "என்னம்மா, மிக்சி வெடிச்சிருச்சா?" என்றார்.

சிரித்துக்கொள்ளுங்கள். உங்கள் கூட்டத்தில் வாசியுங்கள். தப்பு என்னுடையது, எஞ்சினுடையது அல்ல. அதனால்தான் திருத்தமுடியும்.

மற்றதெல்லாம் வைத்திருப்பவள்
(ஒரு கைப்பிடி நீங்கலாக)


ஜூலை 15

அன்புள்ள பல்லரசிக்கு,

இதைக் கூட்டத்தில் வாசிக்கவில்லை.

போதும். எனக்கும் போதும். நான் ஒன்று சொல்கிறேன், கோபப்படாமல் கேள். எஞ்சினோடு நான் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். நானே என் கையால் அதைத் திரும்ப ஏற்றுகிறேன். ரோட்டாரை இனிக் கழற்றமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலைகளில், சாலையில் கூட்டம் இல்லாத நேரத்தில், நான் பக்கத்தில் இருக்கும்போது நீயும் ஓட்டலாம். கியர் மாற்றும் இடங்களை நான் சொல்கிறேன்.

யோசித்துப் பார். இதற்கு மேல் ஒரு மனிதன் இறங்கிவர முடியாது. தலைவரிடம் சொன்னேன், "ரொம்பப் பெரிய மனசு சார் உங்களுக்கு" என்றார்.

இந்த அறையில் சாயங்காலம் ரொம்ப நீளமாக இருக்கிறது.

உன்னவன்


ஜூலை 19

மதிப்பிற்குரிய செயலாளருக்கு,

உங்கள் கடைசி வரியை இரண்டு தடவை படித்தேன். அந்த வரி மட்டும் வந்திருந்தால் பதில் வேறு மாதிரி இருந்திருக்கும். அதற்கு முன்னால் உள்ள வரிகளும் வந்துவிட்டன.

ஞாயிற்றுக்கிழமை காலை. கூட்டம் இல்லாத நேரம். நீங்கள் பக்கத்தில். கியர் எங்கே மாற்றுவது என்று நீங்கள் சொல்வீர்கள். அப்படியானால் என் காலை மட்டும் அனுப்பிவைத்தால் போதுமே, நான் எதற்கு?

வேண்டாம். மாமா கொடுத்த வருடம் இன்னும் முடியவில்லை.

நான்


அக்டோபர் 2

மதிப்பிற்குரிய செயலாளருக்கு,

இன்று காலை மாமாவின் வாசலுக்குப் போனேன். அங்கிருந்து திரும்பியும் வந்துவிட்டேன்.

மூடிக்கிடந்த பிஸ்கட் கம்பெனிக் கிடங்கில் ஒரு ஃபோர்க்லிஃப்ட் நின்றது. மூட்டைகளைத் தூக்கி அடுக்கும் வண்டி, மின்சார மோட்டாரில் ஓடுவது. லேத்காரர் மோட்டாரைத் தட்டிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "ஆகாதுன்னு சொல்ல மாட்டீங்களா?" என்றேன். "எத்தன தடவ சொல்றது? நீங்கதான் கேக்கறதே இல்லையே" என்றார்.

இந்தத் தடவை பாரிஸ் சாந்து இல்லை. பல் கடித்துப் பார்க்க நீலத் தாள் ஒன்று வைத்திருப்போம். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் எங்கே அதிகமாக இடிக்கிறதோ அங்கே நீலம் ஒட்டும், அங்கே மட்டும் ராவுவோம். தட்டுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே அந்தத் தாளை வைத்து வைத்து எடுத்தேன். நீலம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி ஒட்டும்வரை லேத்காரர் ராவினார். ஃபோர்க்லிஃப்டின் பாட்டரிகளில் பாதி முன்னால், பாதி டிக்கியில்.

கிளம்பியபோது எனக்கே தெரியவில்லை. சத்தமே இல்லை. தையற்கடை அக்கா, "தள்ளி விடணுமாம்மா?" என்று ஓடிவந்தார், கிட்டே வருவதற்குள் நான் முனை திரும்பிவிட்டேன்.

மாமா வாசலில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். நான் போய் நின்றது அவருக்குக் கேட்கவில்லை. ஹாரன் அடித்தேன். பத்திரிகை கீழே விழுந்தது.

"எப்போ வந்தே?"

"இப்போதான் மாமா."

"எஞ்சின ஆஃப் பண்ணிட்டு உள்ள வா."

"ஆஃப் பண்ண எஞ்சினே இல்ல மாமா."

சந்து முழுவதும் ரிவர்ஸிலேயே வந்தேன். மாமா கூடவே நடந்துவந்தார், குனிந்து சக்கரங்களைப் பார்த்துக்கொண்டே. சந்து முனையில் நின்று, "நான் நெனச்சு சொன்னது இது இல்லம்மா" என்றார். "தெரியும் மாமா" என்றேன்.

தீர்ப்பை அவர் உங்களுக்குச் சொல்லியிருப்பார். வாரக்கடைசியில் லேத்காரரை லாரியோடு அனுப்புகிறேன். எஞ்சினை எல்லா உறுப்புகளோடும் கொடுத்தனுப்பவும்.

எல்லாம் வைத்திருப்பவள்


அக்டோபர் 9

அன்புள்ள பல்லரசிக்கு,

கொடுத்தனுப்பினேன். வார்த்தை மாறமாட்டேன். மாடிப்படியில் இறக்கும்போது லேத்காரர் மூன்று தடவை ஆகாது என்றார். நான் நான்காவது தடவை சொன்னேன்.

அறை இப்போது பெரிதாகிவிட்டது. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "ஐயோ, போயிருச்சா?" என்றார். துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டதால் நானும் அப்படியே பதில் சொல்லிவிட்டேன்.

உன்னிடம் ஒன்றே ஒன்று. நீ ஜெயித்துவிட்டாய். இனியாவது அந்த மூட்டை தூக்கும் மோட்டாரை எடுத்துவிட்டு அதற்குரியதை வை. எனக்காக வேண்டாம். நான் ஓட்டக் கேட்கவில்லை. சிவப்பிக்காக.

உன் கணவன்


நவம்பர் 11

மதிப்பிற்குரிய செயலாளருக்கு,

சிவப்பியைக் கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லை. இப்போதெல்லாம் அது ரொம்ப அமைதி.

உங்கள் எஞ்சின், அதாவது என் எஞ்சின், வேலைக்குப் போகிறது. எங்கள் தெருவில் மின்சாரம் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. பல் வெந்துகொண்டிருக்கும்போது போனால் உலை ஆறி, பல் வெடித்துவிடும். ஆகவே பின்பக்கக் கொட்டகையில் சிமென்ட் மேடை போட்டு எஞ்சினை அதில் உட்காரவைத்து, பெல்ட் மாட்டி ஜெனரேட்டரோடு இணைத்துவிட்டோம். கரண்டு போனதும் கிளப்புகிறேன். உலை எரிகிறது. தையற்கடை அக்காவுக்கும் ஒரு ஒயர் இழுத்திருக்கிறேன். மிச்சமிருக்கும் மின்சாரத்தில் சிவப்பியின் பாட்டரி ஏறுகிறது.

இங்கேதான் கிளப்பின் கருத்தை அறிய விரும்புகிறேன். ஒரு கார் எந்த எஞ்சினோடு பிறந்ததோ அந்த எஞ்சினால்தான் ஓட வேண்டும் என்பது உங்கள் விதி. கரண்டு போன நாட்களில் சிவப்பி அதே எஞ்சினால்தான் ஓடுகிறது. எஞ்சின் வண்டியில் ஏறுவதில்லை, அவ்வளவுதான். வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கிறது. இதை அடுத்த கூட்டத்தில் வைத்துத் தீர்மானம் போடவும். நகல் தேவை; சுவரில் இடம் இருக்கிறது.

எல்லாம் வைத்திருப்பவள்


நவம்பர் 24

அன்புள்ள பல்லரசிக்கு,

கூட்டத்தில் வைத்தேன். தலைவர் தலையைப் பிடித்துக்கொண்டார். பொருளாளர், "விதிப்படி சரிதானே" என்று சொல்லிவிட்டார். அவரோடு இப்போது யாரும் பேசுவதில்லை. நான் மட்டும் பேசுகிறேன். தீர்மானம் எதுவும் ஆகவில்லை.

உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. வியாழக்கிழமை உன் தெரு வழியாக வந்தேன். வேலையாகத்தான் வந்தேன். என்ன வேலை என்பது நினைவில்லை. கரண்டு போயிருந்தது. கொட்டகையிலிருந்து சத்தம் கேட்டது. நான் அதைத் துடைத்துக்கொண்டிருந்த மாதங்களில் ஒரு தடவைகூட அதன் சத்தத்தைக் கேட்கவில்லை. தையற்கடை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த அம்மா நாற்காலி போட்டார். உட்கார்ந்தேன். கரண்டு வரும்வரை இருந்தேன்.

இரண்டாவது சிலிண்டரில் வால்வு இடைவெளி கூடியிருக்கிறது. சத்தத்திலேயே தெரிகிறது. இப்படியே விட்டால் தேய்ந்துபோகும். சனிக்கிழமை வந்து சரிசெய்து தரட்டுமா? நீயும் இருந்தால் நல்லது. பேசவும் வேண்டும்.

(கையெழுத்துப் போடத் தெரியவில்லை. என்னவென்று போடுவது?)


நவம்பர் 27

வால்வு பார்க்க வருபவருக்கு,

தாராளமாக வாருங்கள். சத்தத்தை வைத்து நான் மூன்றாவது சிலிண்டர் என்று நினைத்தேன். நீங்கள் சொன்னால் இரண்டாவதாகத்தான் இருக்கும். கொட்டகைச் சாவி தையற்கடை அக்காவிடம் இருக்கும். கருவிகள் மேடைக்குக் கீழே. வேலை முடிந்ததும் ஒரு தடவை ஓடவிட்டுப் பாருங்கள். அப்படியே அக்காவின் இஸ்திரிப் பெட்டிக்கும் கரண்டு கொடுத்துவிடுங்கள், காத்துக்கொண்டிருப்பார்.

நான் இருக்கமாட்டேன். சனிக்கிழமை காலையிலேயே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன். எந்த ஊர் என்று முடிவு செய்யவில்லை. பாட்டரி எதுவரை போகிறதோ அதுவரை. தீர்ந்த இடத்தில் இறங்கி, யார் வீட்டுக் கதவையாவது தட்டி, கொஞ்சம் மின்சாரம் கேட்பேன். கொடுப்பார்கள் என்றுதான் தோன்றுகிறது. கொடுக்காவிட்டால் அடுத்த வீடு.

பேச வேண்டியதை எழுதி மேடைமேல் வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்ததும் படிக்கிறேன்.

ஓட்டுபவள்